இடது காதுக்கு மட்டும் பாட்டு

என் அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கடைகளில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசுகளை ரிப்பேர் செய்வது தொழில். முன்பெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போவான். இப்போது தராசுகள்தான் அவனைத் தேடி வீட்டுக்கு வருகின்றன. அப்பா படுத்த படுக்கையாகி நான்கு வருடம் ஆகிறது. வலது பக்கம் முழுக்க செயலிழந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஏதாவது வேண்டுமென்றால் இடது கை விரலால் கட்டில் கம்பியைத் தட்டுவார். அந்தத் தட்டல் பக்கத்து அறைக்குக் கேட்பதே பெரிய விஷயம்.

அண்ணனுக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போய், ஒருநாள் அந்தப் பேச்சே வீட்டில் நின்றுபோனது. அவனுக்கென்று மிஞ்சிய ஆசை பாட்டு ஒன்றுதான். அதையும் சும்மா கேட்டுவிட்டுப் போகிற ஆளில்லை, குறை கண்டுபிடித்தே ஆகவேண்டும். வயலின் அடங்கி ஓய்கிற இடத்தில், "ஒரு சொரசொரப்பு வருது பாரு" என்பான். எனக்கு ஒரு மண்ணும் கேட்காது. சத்தமாக வைத்தால் அப்பா முகம் சுளிக்கிறார் என்று ஹெட்போன் வாங்கினான். பிறகு ஹெட்போனுக்காகத் தானே ஒரு ஆம்ப்ளிஃபையர் செய்தான். உடைந்த தராசு ஒன்றின் தகரப் பெட்டிதான் அதற்கு வீடு. உள்ளே இடது காதுக்கு ஒரு ஐசி சில்லு, வலது காதுக்கு ஒரு ஐசி சில்லு.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, அந்தச் சொரசொரப்புக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னான்.

"ஐசிக்குள்ள கடைசில ரெண்டு டிரான்சிஸ்டர் இருக்கு பாப்பா. ஒண்ணு தள்ளும், ஒண்ணு இழுக்கும். மாத்தி மாத்தி வேல பாக்கும். ஒண்ணு விட்டு இன்னொண்ணு எடுக்கற எடத்துல கொஞ்சம் தடுமாறும். பெரிய சத்தத்துல தெரியாது. சின்னச் சத்தத்துலதான் காட்டிக் குடுத்துரும்."

எனக்கு நாற்பத்தைந்து ஆகிறது. இன்னும் பாப்பாதான்.

"அதுக்கு என்ன பண்ணுவ?"

"அவுட்புட்லேருந்து மைனஸ் லைனுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டுட்டா போதும். ஒரு டிரான்சிஸ்டர் எப்பவுமே வேலைல இருக்கும். இன்னொண்ணுக்கு வேலையே இல்ல. கைமாத்தறதே கிடையாது. கிளாஸ் ஏ-ன்னு பேரு."

"அந்த இன்னொண்ணு ஜாலியா உக்காந்திருக்குமா?"

"ஆமா. வேல பாக்கறது மட்டும் நல்லா சூடாகும்."

"என்னயக் குத்திக்காட்டறியா?"

"சீச்சீ. ஐசியச் சொல்றேன்."

ஐசியைத்தான் சொன்னான். அவனுக்குக் குத்திக்காட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

விஷயம் இதுதான். முதல் வருடம் அப்பாவை நாங்கள் வாரம் மாற்றி வாரம் பார்த்துக்கொண்டோம். கைமாறுகிற திங்கட்கிழமைகளில்தான் எல்லாம் தவறும். நான் திருப்பிப் படுக்க வைத்திருப்பேன் என்று அவன் இருப்பான், அவன் வந்து செய்வான் என்று நான் கிளம்பிவிடுவேன். அப்பா மணிக்கணக்கில் ஒரே பக்கமாகக் கிடப்பார். முதுகில் புண் வந்துவிட்டது. ஆற மூன்று மாதம் பிடித்தது. அண்ணன் யாரையும் திட்டவில்லை. "விடு பாப்பா, இனிமே நானே பாத்துக்கறேன். உனக்கு ஆபீஸ் இருக்கு, பசங்க இருக்காங்க" என்றான். நான் பேச்சுக்குக் கொஞ்சம் மறுத்தேன். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

அதன் பிறகு மூன்று வருடமாக நான் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. பழம் வாங்கிக்கொண்டு போவேன், அரை மணி நேரம் உட்காருவேன், ஏன் ஷேவ் பண்ணவில்லை என்று அண்ணனை அதட்டுவேன். அவன் வற்றிக்கொண்டே வந்தான். கையில் ஸ்குரூ டிரைவரோடு நின்றபடியே கண் சொக்கும். "டாக்டர் பிரஷர் பாத்துட்டு, இப்படியே போனா அப்பாவுக்கு முன்னாடி நீங்க படுத்துருவீங்கன்னுட்டார்" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போன மாதம் நான் போனபோது மதியம் மூன்று மணி. அப்பா கண்ணை மூடியிருந்தார். அண்ணன் மேசையில் ஒரு தராசைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பாட்டு கேட்டுக்கொண்டிருந்தான். ஹெட்போனின் இடது பக்கம் காதில் இருந்தது, வலது பக்கம் காதுக்குப் பின்னால் தள்ளியிருந்தது.

"ஏன் ஒரு காதுல மட்டும்?"

"இந்தக் காது அப்பாவுக்கு. தட்டினா கேக்கணும்ல."

"எப்பவுமே இப்படித்தானா?"

"பின்ன?"

மூடி திறந்திருந்த ஆம்ப் பெட்டிக்குள் விரலை விட்டேன். இடது ஐசி காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது. வலது ஐசியைத் தொட்டேன்.

"இது ஏண்ணா ஜில்லுனு இருக்கு?"

"இருக்காதே" என்றபடி அவனும் விரலை வைத்தான். முகம் மாறியது. மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தான். பிறகு இடுக்கியால் அந்த ரெசிஸ்டரை லேசாகத் தொட்டான். அதன் ஒரு கால் தானாகவே மேலே வந்துவிட்டது.

"பத்த வெச்ச சால்டர் விட்டிருக்கு. அன்னிக்கு அப்பா புரையேறி இருமினப்ப எந்திரிச்சு ஓடினேன். வயர் கால்ல மாட்டி பெட்டி கீழ விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டு விரல் விட்டு எண்ணினான். "எட்டு மாசம் ஆச்சு. இந்தப் பக்கம் பாட்டு வந்திருக்கும், கிளாஸ் ஏ-ல இல்ல. எனக்குத் தெரியவே இல்ல பாரு."

தராசில் இரண்டு கிராம் தப்பினால் தூக்கம் வராத ஆள் அவன். ஒரு காது எட்டு மாதமாக ஒரு பாட்டைக்கூடக் கேட்கவில்லை, அதனால் தெரியவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. முதலில் பெட்டி மேல், அப்புறம் அவன் மேல், கடைசியில் என் மேல்.

"பத்த வை. ரெண்டு காதுலயும் மாட்டிக் கேளு. அப்பாவ நான் பாத்துக்கறேன்."

"உனக்கு நேரமாகலயா?"

"ஆகல."

இரண்டு நிமிடத்தில் பற்றவைத்தான். வலது ஐசி சூடேறுகிறவரை விரலை வைத்துக்கொண்டே இருந்தான். பிறகு இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். இப்போது ஒரு குறை சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன். பாட்டு பாதிகூடப் போயிருக்காது, தாடை நெஞ்சில் இறங்கிவிட்டது. வாய் லேசாகத் திறந்துகொண்டது.

அப்போது கட்டில் கம்பி தட்டும் சத்தம் கேட்டது. அண்ணன் அசையவில்லை.

நான் உள்ளே போனேன். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் வாசல் பக்கம் பார்த்தார். இன்னொரு முறை தட்டினார்.

"அவன் தூங்கறான்ப்பா. நான்தான் வந்திருக்கேன். திருப்பிப் படுக்கணுமா?"

கண்ணை மூடித் திறந்தார். நான் போர்வையை விலக்கினேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முன்பு செய்ததெல்லாம் மறந்துபோயிருந்தது, அப்பாவும் முன்பிருந்த அப்பா இல்லை, பாதியாக இளைத்திருந்தார். அண்ணனை எழுப்பிக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவான். எழுப்பவில்லை.

"அப்பா, அண்ணன் மொதல்ல தோளப் பிடிப்பானா, இடுப்பப் பிடிப்பானா?"

அப்பா இடது கையை மெல்லத் தூக்கி, தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினார்.