இரண்டாம் கியரில் அலறிய வண்டி

மட்டாஞ்சேரி பஜாரில் ஹார்ன் அடித்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் என் மனைவி செல்வியின் கார் வந்தால் மட்டும், மூட்டை சுமப்பவர்கள்கூட ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். வண்டி போவதென்னவோ மாட்டுவண்டி வேகம்தான். சத்தம் விமானம் கிளம்புகிற சத்தம். கியர் தானாக மாறும் பழைய ஆட்டோமேட்டிக் கார் அது. மாறத்தான் செய்தது, என்ஜின் தொண்டை கிழியக் கத்தி முடித்த பிறகு.

விருதுநகரிலிருந்து வற்றல் மிளகாய் வியாபாரத்துக்காக நாங்கள் இங்கே கேரளாவுக்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. சிறுவயதில் வந்த காய்ச்சலில் செல்விக்கு இடது கால் சூம்பிவிட்டது. ஊரில் அவள் எங்கே போனாலும் துணைக்கு ஒருவர் போவோம். அதை அன்பு என்றே நினைத்திருந்தோம். இங்கே வந்த பிறகுதான், கிளட்ச் இல்லாத இந்தக் கார் கைக்கு வந்து, அவள் ஓட்டக் கற்று, தோப்பும்படியில் ஒரு தையல் வகுப்பும் தொடங்கினாள். தனியாகப் போனாள், தனியாக வந்தாள். இப்போது இரண்டு பட்டறைக்காரர்கள் பானட்டைக்கூடத் திறக்காமல், சத்தத்தைக் கேட்டே கியர்பாக்ஸ் போய்விட்டது என்றார்கள். இந்த வயதான வண்டிக்கு அதைப் பிரிப்பதைவிட எடைக்குப் போடலாமாம். செல்வி கார்ச் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மூன்றாவதாக, மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் ஹமீதிக்காவிடம் போனோம். இங்கே அண்ணனை இக்கா என்பார்கள். அவர் எதையும் பிரிக்கவில்லை. சமதரையில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, கியர் ஆயில் பார்க்கும் குச்சியை உருவி முகர்ந்தார். நிறம் மாறவில்லை, தீய்ந்த வாடையும் இல்லை. பிறகு செல்வியை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால். வண்டி கத்தத் தொடங்கியதும், "சேச்சி, காலெடுக்கூ" என்றார். அவள் மிதியை விட்டதுமே கியர் சத்தமில்லாமல் மாறியது.

"கியர்பாக்ஸுக்கு ஒரு குழப்பமும் இல்லா. நீங்க மெல்ல சவிட்டினாலும், ஓங்கிச் சவிட்டுறதா அது விசாரிக்குது."

மெல்ல மிதித்தாலும் அழுத்தி மிதிப்பதாக நினைத்துக்கொண்டு, மேல் கியருக்குப் போகாமல் காத்திருக்கிறதாம்.

"உள்ள யாரெங்கிலும் கை வெச்சோ, அண்ணாச்சி?"

"யாரும் வைக்கலயே இக்கா" என்றேன். மனதறிந்து பொய் சொல்லவில்லை. மெக்கானிக் கையைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

பட்டறைக்குத் திரும்பியதும் ஆக்சிலரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் மெல்லிய கேபிளை விரலால் தடவிக்கொண்டே போனார். காற்று வடிகட்டிப் பெட்டிக்கு அடியில் விரல் நின்றது. கேபிளை இழுத்துப் பிடித்து முறுக்கிய ஒரு செம்புக் கம்பி. அதில் கருத்துக் காய்ந்த ஓர் எலுமிச்சம்பழம், ஏழு மிளகாய்.

"எந்தா அண்ணாச்சி இது?"

எங்கள் ஊரில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்காமல் ஒரு லாரியும் கிளம்பாது. இங்கே முன்னால் தொங்கவிட எனக்குக் கூச்சம். செல்வியும் சிரிப்பாள். ஆனால் தோப்பும்படிப் பாலத்தில் ஒரு லாரி அவள் கார்க் கண்ணாடியை உரசிவிட்டுப் போன பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆயுத பூஜையன்று கிடங்கில் நல்ல மிளகாயாகப் பொறுக்கி, யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, அவிழ்ந்துவிடாதபடி இறுக்கிக் கட்டினேன். வண்டி கத்தத் தொடங்கியது அதற்கப்புறம்தான். ஹமீதிக்கா குச்சியை உருவியபோதுகூட, இதைச் செல்வி பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

செல்வி அந்தக் கம்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னங்க, என்மேல நம்பிக்கை இல்லையா?"

"உன்னைய நம்புறேன். ரோட்டத்தான் நம்பல."

சிரித்துவிட்டாள். எனக்குப் போன உயிர் வந்தது. ஹமீதிக்கா கம்பியை வெட்டி, கேபிளை அளவாகத் தளர்த்திவிட்டு, மிளகாய்ச் சரத்தை என் கையில் கொடுத்தார். "கெட்டணும்னா முன்னால கெட்டு. எல்லாரும் காணட்டே."

"நீங்க நடந்து வாங்க" என்று சொல்லிவிட்டுச் செல்வி வண்டியை எடுத்தாள். நான் தெருவில் நின்று கேட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் மாறிக்கொண்டே போனது. அப்புறம் பஜார் இரைச்சலில் அவள் வண்டி எது என்றே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் வீட்டுக்கு நடந்ததில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் முன்பம்பரில் புதிதாகக் கட்டுகிறேன். மிளகாய் விருதுநகருடையது, பழம் மட்டாஞ்சேரிச் சந்தையுடையது. அதைப் பார்த்து இங்கே எல்லோரும் 'அண்ணாச்சி வண்டி' என்கிறார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனால், அதற்கு ஒரு சாண் தள்ளியிருக்கும் நம்பர் பிளேட்டைப் பார்த்து, 'கேரளா வண்டி வந்துருச்சு' என்கிறார்கள். எந்த ஊர் வண்டியானாலும் ஓட்டுகிறவள் செல்விதான். நான் பக்கத்து சீட்டில், இல்லாத பிரேக்கை மிதித்தபடி.