ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம்

சபையாருக்கு ஸ்தோத்திரம். உங்களில் இரண்டு குடும்பங்கள் என்னைப் பெண் பார்க்க வந்து கேசரி சாப்பிட்டுப் போனவை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தச் சாட்சி.

நடந்தது தொண்ணூறுகளின் கடைசியில். எனக்கு இருபத்தெட்டு வயது. பாபநாசத்தில் பள்ளி ஆசிரியை. அப்பாவுக்குக் கடைத்தெருவில் உரக்கடை. எங்கள் பக்கத்துப் பையன்கள் கம்ப்யூட்டர் படித்து பெங்களூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று கிளம்பிக்கொண்டிருந்த காலம். மூன்று வார லீவில் வருவார்கள். அதற்குள் பல் டாக்டரிடம் பல்லைக் காட்ட வேண்டும், நிலத்துக்குப் பட்டா மாற்ற வேண்டும், பெண் பார்க்க வேண்டும். பட்டாவுக்குத்தான் அதிக நேரம் செலவழித்தார்கள்.

நான்கு ஆண்டுகளில் பதினொரு குடும்பங்கள் வந்தன. ஆராதனை முறைமை மாதிரி எல்லாம் ஒரே ஒழுங்கில் நடக்கும். வேனில் வருவார்கள். நான் காபி கொண்டுவருவேன். ஒரு கீர்த்தனை பாடச் சொல்வார்கள். என் குரலைக் கேட்டவர்கள் இரண்டாவது சரணம் வேண்டாம் என்பார்கள். பிறகு முடிவு ஜெபம். வாசலில் செருப்பு மாட்டும்போது பையனின் அம்மா சொல்வார்: "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்."

மற்ற வீடுகளில் ஜாதகம் பொருந்தவில்லை என்பார்கள். பழி கிரகங்களின் மேல் விழும். எங்கள் வீடுகளில் பழி நேராக ஆண்டவர்மேல். பத்து நாள் கழித்துக் கடிதம் வரும், அல்லது போன் வரும்: ஜெபித்தோம், கர்த்தர் எங்களுக்குச் சமாதானம் தரவில்லை. எனக்கு நிறம் போதாது. பல் கொஞ்சம் முன்னால் நிற்கும். வேலையை விட மாட்டேன் என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தேன். இதையெல்லாம் மனிதர்களாகவே சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. ஆக, பதினொரு தடவையும் என்னை வேண்டாம் என்றவர் கர்த்தர். அதில் நான்கு தடவை எழுத்துமூலம்.

அந்தப் பத்து நாளும் அம்மா போனை விட்டு நகர மாட்டார். மகளிர் சங்கக் கூட்டத்துக்குக்கூடப் போக மாட்டார். மணி அடித்தால் ஓடுவார். யூரியா வந்துவிட்டதா என்று எவரோ ஒரு மிராசுதார் கேட்பார்.

"இன்னும் ஜெபிச்சுக்கிட்டு இருக்காங்க போலருக்கு" என்பார் அம்மா.

"ஆமாம்மா. ஆமென் சொல்றதுக்குள்ள குறுவை அறுத்துடுவாங்க" என்றேன் ஒருமுறை. அம்மா சிரிக்கவில்லை. அழுதார்.

ஒன்பதாவது குடும்பத்துக்குப் பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்காலில் நிற்பேன். வாய் திறக்காது. திரும்பத் திரும்ப என்னை வேண்டாம் என்றவரிடம் போய் என்ன கேட்பது? கோயிலில் ஆராதனையின்போது எல்லோருடனும் எழுந்தேன், உட்கார்ந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. கல்யாணம் ஆகாததைத் தாங்கிக்கொண்டேன். சின்ன வயதிலிருந்து என்னோடு பேசிக்கொண்டிருந்த ஒருவர் போய்விட்டார். அதைத் தாங்க முடியவில்லை.

பன்னிரண்டாவது குடும்பம் தஞ்சாவூரிலிருந்து வந்தது. பையன் அமெரிக்காவில். அன்று காலை, புடவைக்கு ஊக்குக் குத்திக்கொண்டே, பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வரி ஜெபித்தேன். 'என்னை வேண்டாம் என்பது நீரா, இவர்களா? இன்றைக்கு எனக்குத் தெரிந்தாக வேண்டும்.' மரியாதையாகக் கேட்டேன் என்று சொல்ல முடியாது.

வந்தார்கள். பாடினேன். பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய அம்மா சொன்னார்: "பாட்டு சுமாராத்தான் இருக்கு. ஜெபமாச்சும் பண்ணுவியாம்மா? முடிவு ஜெபத்த நீயே பண்ணு, பார்ப்போம்."

எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் ஜெபிக்கும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. அதை நான் திட்டமிட்டுப் பயன்படுத்தவில்லை. வாயைத் திறந்தேன், வந்துவிட்டது.

"இரக்கமுள்ள பிதாவே, இவர்களைப் பத்திரமாகக் கொண்டுவந்தீரே, ஸ்தோத்திரம். இவங்க போனப்புறம் எங்க அம்மா பத்து நாள் போன் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க ஆண்டவரே. இவங்க மனசுல ஏற்கெனவே ஒரு முடிவு இருந்தா, அதை உம்ம பேர்ல எழுதி அனுப்பாம, இங்கேயே, அவங்க வாயாலயே சொல்ல தைரியம் கொடும்."

இந்தப் பேச்சுகளில் ஒருநாளும் வாய் திறக்காத அப்பா, "ஆமாம் ஆண்டவரே" என்று உரக்கச் சொன்னார். நான் முடித்தேன். பழக்கதோஷத்தில் எல்லோரும் ஆமென் சொன்னார்கள், பையனின் அம்மா உட்பட.

பையன் என் அம்மாவைப் பார்த்தார். "ஆன்ட்டி, திருச்சியில வேற பொண்ணு நேத்தே பேசி முடிச்சாச்சுங்க. இங்க வர்றோம்னு சொல்லியிருந்தோம், வராம இருந்தா தப்பாப் போயிடும்னு..."

"டேய், சும்மா இரு."

"நீயுந்தானம்மா ஆமென் சொன்னே?"

என் அம்மா எழுந்து பையனின் தட்டில் மட்டும் இன்னொரு கரண்டி கேசரி வைத்தார். "உண்மையச் சொன்ன புள்ள. நீ சாப்புடு."

அன்று மாலை அம்மா மகளிர் சங்கத்துக்குப் போனார். போன் அடித்தது, நான்தான் எடுத்தேன். யூரியா. பதில் சொல்லி வைத்துவிட்டு அங்கேயே முழங்காலில் நின்றேன். வார்த்தை வந்தது. நான் கேட்ட கேள்விக்குக் கேட்ட நாளிலேயே பதில் கிடைத்திருந்தது. பதினொரு தடவையும் என்னை வேண்டாம் என்றவர் அவரல்ல.

மறுநாள் அப்பாவிடம், இனி யாரையும் வரச் சொல்ல வேண்டாம் என்றேன். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

இதற்கு மேல் ஒரு கல்யாணம் வரும் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். வரவில்லை. கசப்பும் முழுக்கப் போகவில்லை. அந்த நான்கு கடிதங்களை இன்னும் வைத்திருக்கிறேன். கசப்பு ஏறும்போது எடுத்துப் பார்ப்பேன். நான்கிலும் மனிதர்களின் கையெழுத்துத்தான். ஆனால் அன்றிலிருந்து ஒருநாளும் எனக்கு ஜெபம் நின்றதில்லை. அதற்காக அவருக்கு நன்றி.

இப்போது நம் பிள்ளைகள் போனிலேயே பார்த்து, போனிலேயே பேசி, ஒருநாள் பதிலே இல்லாமல் போய்விடுகிறார்களாம். களைத்துப்போன பிள்ளைகளே, அந்த மௌனத்தை ஆண்டவருடையது என்று எண்ணாதீர்கள். அவரிடமே கேளுங்கள். மரியாதையில்லாமல் கேட்டாலும் தாங்குவார், எனக்குத் தெரியும்.

கேசரி சாப்பிட்ட அந்த இரண்டு குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்து எந்த வீட்டுக்காவது பெண் பார்க்கப் போனால், செருப்பு மாட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அங்கேயும் ஒரு அம்மா போன் பக்கத்தில் உட்காரப் போகிறார்.