அசையாதவர்களை எடுத்தவர்

எங்கள் சித்தப்பா இருபத்தாறு வருடம் போலீஸில் படம் எடுத்தவர். விபத்து, கொலை, கிணறு, தண்டவாளம் என்று எங்கே பிணம் கிடந்தாலும் கேமராவோடு போய் நிற்பார். உயிரோடு இருப்பவர்களை எடுக்க அவருக்குச் சுத்தமாக வராது. என் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தால் தெரியும். மாப்பிள்ளை உட்பட எல்லோரும் போய்ச் சேர்ந்தவர்கள் மாதிரியே இருப்போம்.

ஓய்வு பெற்ற மறுவாரமே அவருக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் காலை சாப்பாட்டு மேசையில் சித்தி நாலு கத்தரிக்காய் வைத்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. சித்தப்பா பாய்ந்து வந்தார்.

"யாரும் எதையும் தொடக்கூடாது!"

"ஏங்க, மதியத்துக்கு நறுக்கணும்."

"அரைமணி நேரம் குடு. எவ்ளோ அமைதியா கிடக்குதுங்க பாரு!"

அன்று மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்கு. பிறகு பேரிக்காய், உடைந்த கிண்ணம், வாடிய ரோஜா என்று தொடர்ந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் ரோஜாப் படத்தைப் பார்த்துவிட்டு, "யாருண்ணே செஞ்சது? ஆளைப் பிடிச்சிட்டாங்களா?" என்றார்.

சித்திக்கு ரோஷம் வந்துவிட்டது. பன்னிரண்டு படங்களுக்கு பிரேம் போட்டு, நகரத்துக் கலைக்கூடத்துக்கு அவளே தூக்கிக்கொண்டு போனாள். எடுத்துக்கொண்டார்கள். திறப்பு விழாவில் குடுமி வைத்த விமர்சகர் ஒருவர், "இந்த ரோஜாவுல வாழ்க்கையோட நிலையாமை தெரியுது" என்று உருகினார்.

"தண்ணி ஊத்த மறந்துட்டோம் சார்" என்றார் சித்தப்பா.

அதே படத்தின் முன்னால் வெகுநேரம் நின்ற ஒரு அம்மாள் அவரிடம் வந்தார். "பாலத்துல லாரி மோதின கேஸ், ஞாபகமிருக்கா? படம் எடுத்து முடிச்சதும் என் வீட்டுக்காரர் முகத்தை உங்க கைக்குட்டையால மூடினீங்க."

சித்தப்பாவுக்கு நினைவில்லை. பொய் சொல்லவும் வராது. "எல்லாருக்கும் போடுவேம்மா" என்றார்.

"அதான் மாசாமாசம் டஜன் கணக்குல காணாமப் போச்சா!" என்று சித்தி கத்தினாள். கத்தியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன்.

"இந்தப் படம் எனக்குக் கிடைக்குமா?" என்றார் அந்த அம்மாள்.

சித்தப்பா அப்போதே ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டார். கூடத்து மேலாளர் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "சார், கண்காட்சி இன்னும் பத்து நாள் இருக்கு!"

"ஆணி இருக்குல்ல, அதைப் பாக்கட்டும்."

விமர்சகர் ஆணியையும் சிறிதுநேரம் உற்றுப் பார்த்தார்.

அந்தக் கூடத்தில் சித்தப்பாவுக்கு மறுபடி இடம் கிடைக்கவில்லை. அவர் அதற்காகத் துக்கம் கொண்டாடவும் இல்லை. இப்போது அல்லிப் பூக்களை எடுத்துக்கொண்டிருக்கிறார். பூ வாடாமலிருக்க அடுக்கி வைத்ததில் ஃப்ரிட்ஜில் பால் வைக்க இடமில்லை.