பச்சாவ் வார வரைக்கும்

முப்பது வயசு தாண்டுற வரைக்கும், ஹிந்தியில "காப்பாத்துங்க"ங்கிற வார்த்தைய ஒரு ஆளோட பேருன்னு நெனச்சிக்கிட்டு இருந்த கேணயன் நான்.

பேண்டேஜ் துணி சாம்பிளத் தூக்கிக்கிட்டு நாக்பூர் போயிருந்தப்பதான் வெளங்குச்சு. ஸ்டேஷன்ல ஒரு அம்மா பைய எவனோ புடுங்கிட்டு ஓடுறான். அந்தம்மா "பச்சாவ், பச்சாவ்"னு கத்துது. எல்லாரும் திருடன் ஓடுன பக்கம் பாக்காக. நான் மட்டும் எதிர்ப்பக்கம் பாத்துக்கிட்டு, சிரிச்ச மூஞ்சியோட நிக்கேன். பச்சாவ் எந்த வழியா வருவான்னு. கூட வந்த ஏஜெண்டு என் தோளப் புடிச்சு உலுக்குனாரு. "என்ன சார் சிரிக்கிறீங்க? காப்பாத்துங்கன்னு கத்துறாங்க." அப்படியே சாம்பிள் பொட்டி மேல உக்காந்துட்டேன்.

எனக்குத் தெரிஞ்ச பச்சாவ் டிவியில வந்தவன். எண்பதுகளோட கடைசி. ராஜபாளையத்துல எங்க தெருவுல டிவி இருந்தது சைக்கிள் கடை பாய் வீட்டுல மட்டுந்தான். போனும் அங்கதான். ஞாயித்துக்கெழம காலையில அவிய வீட்டு முன்ரூம்ல தெருப்பயக அம்புட்டுப் பேரும் நெருக்கி உக்காந்திருப்போம். ஹிந்தியில ஒரு கார்ட்டூன் போடுவான். நெஞ்ச நிமித்திக்கிட்டுப் பறக்குற ஒரு பெரிய ஆளு. அவன் கூடவே சுத்துற ஒரு பொடிப்பய. வாராவாரம் வில்லன் அந்தப் பொடியனத்தான் புடிச்சுக் கட்டிப்போடுவான். பொடியன் "பச்சாவ்"னு கத்துவான். ஒடனே பெரிய ஆளு வந்துருவான். கூப்பிட்டதும் வாரான்னா அது அவன் பேராத்தான இருக்கணும். எங்க தெருவே அப்படித்தான் முடிவு பண்ணுச்சு. பாய் வீட்டு டிவி கறுப்பு வெள்ள. ஆனாலும் பச்சாவ் போட்டிருக்க டிரஸ் பச்சைதான்னு நாங்க சத்தியம் பண்ணுவோம். பேருலயே இருக்கே.

அந்தப் பொடியன் பொழப்ப நெனச்சா இப்பவும் பாவமா இருக்கு. அப்பா அம்மா கெடையாது. பள்ளிக்கொடம் கெடையாது. சோறு திங்கறதக் காட்டவே மாட்டான். ஒடம்பப் புடிச்ச மாதிரி ஒரே உடுப்பு, அத யாரு தொவச்சுப் போட்டாகளோ. அவனுக்கு இருந்த ஒரே வேல மாட்டிக்கிடறது. அதனாலதான் எனக்கு அவனப் புடிச்சுச்சு. அந்த வேல எனக்கும் நல்லா வரும்.

எங்க வெளையாட்டுல நான்தான் பொடியன். பச்சாவ் எங்க பெரியப்பா மகன், அடுத்த வீட்டு அண்ணன். அவனுக்கு நெஞ்சுல வால்வு சரியில்ல. சின்னதுல காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்து, அது நெஞ்சுல போயி உக்காந்துருச்சுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. ஓடக்கூடாது, மாடிப்படி ஏறக்கூடாது, வெயிட் தூக்கக்கூடாது. தெருவுக்கே அது தெரியும். ஆனா அவனத் தவிர வேற யாரையும் பச்சாவா நிறுத்த எவனுக்கும் மனசு வரல. ஏன்னா டிவிக்கு முன்னால உக்காந்து அந்த ஹிந்திக்கெல்லாம் தமிழ் சொன்னது அவன்தான். ஹிந்தியில ஒரு எழுத்து தெரியாது. வாயசைவுக்குத் தக்கன அடிச்சு விடுவான்.

"ஏலே, வீட்டுப்பாடம் எழுதுனியா?"ன்னு பச்சாவ் பொடியன்கிட்டக் கேப்பான்.

"எங்கண்ணே எழுத, சாயந்தரம் பூரா கட்டிப்போட்டுட்டாக"ன்னு பொடியன் சொல்லுவான்.

பாய் வீட்டம்மா அடுப்படிக்குள்ள இருந்து சிரிக்கும். நாங்க உருளுவோம்.

பெரியப்பா வீட்டுல பேண்டேஜ் தறி ஓடுச்சு. தறியில மிஞ்சுன துணிய எடுத்து அண்ணன் தோளுல ஊக்கு குத்தி விடறது அவனோட தங்கச்சி. என்னய விட ஒரு வயசு மூப்பு, அதனால எனக்கு அக்கா. பொம்பளப் பிள்ளைக்கு வெளையாட்டுல வேஷம் கெடையாதுன்னு நாங்க சொல்லிட்டோம். பேண்டேஜ் துணிதான் தெரியும்ல, சல்லட மாதிரி இருக்கும். அதப் போட்டுக்கிட்டு உள்ள ஓட்டப் பனியன் தெரிய எங்க பச்சாவ் நிப்பான்.

டிவியில பச்சாவ் கண்ணு மூடித் தொறக்கதுக்குள்ள வந்துருவான். எங்க பச்சாவ் நடந்துதான் வரணும். என்னயத் தெருக்கோடி கரண்ட் போஸ்ட் மரத்துல கட்டிப்போட்டுட்டு வில்லன்க காத்துக் கெடப்பானுக. நான் தொண்ட கிழியக் கத்துவேன். அவன் நாலு எட்டு வைப்பான், நின்னு மூச்சு வாங்குவான், பொறவு நாலு எட்டு. பெரிய வில்லன் தெலுங்கு பேசுற வீட்டுப் பய. கம்பக் கீழ ஊணிக்கிட்டு, "இன்னும் எம்புட்டு நேரம்டே, எங்க அம்ம தேடும்"பான்.

"செத்த நேரம் நில்லுங்கலே, வந்துக்கிட்டுத்தான இருக்கேன்."

அவன் வந்து ஒரு வெரலால தொட்டதும் வில்லன்க எல்லாம் மல்லாக்க விழுவானுக. ஒருத்தன்கூட அவனத் திருப்பித் தொட்டது கெடையாது. அப்படி ஒரு சட்டத்த யாரும் உக்காந்து பேசி வைக்கல.

அவன் பத்தாவது படிக்கயில மூச்சு வாங்கறது கூடிப்போச்சு. கால் வீங்குச்சு, அமுக்குனா குழி விழுந்து அப்படியே நிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில சேத்தாக. மல்லாக்கப் படுக்க முடியாது. முதுகுக்குத் தலகாணிய அடுக்கி, ராவும் பகலும் உக்காந்தே இருப்பான். மதுரையில ஆப்பரேஷன் பண்ணணும், ஒடம்பு செத்த தேறட்டும்னாக. பெரியம்மா வார்டுலயே கெடந்தாக. நான் பள்ளிக்கொடம் விட்டதும் பஸ் ஏறிருவேன். பாக்க வாரவுக எல்லாம் அந்த ஊருல வேற என்ன வாங்குவாக, பால்கோவாதான். அவன் அத வாயில வைக்கக் கூடாது. நோயாளி மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு இருக்க, பக்கத்துல உக்காந்து பால்கோவா தின்னு குண்டானவன் நான் ஒருத்தனாத்தான் இருக்கும்.

அவன் செத்துப்போவான்னு எனக்குத் தோணவே இல்ல. அம்மா ஒருநா அடுப்படியில அழுதுச்சு. நான் போயி, "ஏம்மா, எந்த வாரமாச்சும் பச்சாவ் செத்திருக்கானா?"ன்னு கேட்டேன். அம்மா மூக்கச் சிந்திட்டு அடுப்ப ஊதுச்சு.

அந்தச் சனிக்கெழம அவனுக்கு ஒதடு நீலம் பாஞ்சிருந்துச்சு. பேச்சு துண்டு துண்டா வந்துச்சு.

"நாளைக்கி ஞாயிறுல்லா?"

"ஆமாண்ணே. விடிஞ்சதும் முத பஸ்ஸுக்கு வாரேன்."

"வராத. என் மூஞ்சியப் பாத்து என்ன செய்யப்போற? கார்ட்டூனப் பாத்துட்டு திங்கக்கெழம வா. கத முழுசாச் சொல்லணும். இட்டுக்கட்டக் கூடாது."

"நீ மட்டும் இட்டுக்கட்டுவ."

"நான் பாத்துக்கிட்டே இட்டுக்கட்டுறவன். நீ பாக்காமலே இட்டுக்கட்டுவ. வித்தியாசம் இருக்குல்லலே."

பச்சாவ் சொன்னா பொடியன் கேக்கணும். ஞாயித்துக்கெழம பாய் வீட்டுல மொத ஆளா போயி முன்னால உக்காந்தேன். அன்னைக்கி வில்லன் ஒரு ஐஸ் துப்பாக்கி வச்சிருந்தான். பொடியனச் சுட்டான். பொடியன் குச்சி ஐஸ் மாதிரி வெறச்சுப் போயிட்டான். கத்தக்கூட வாய் வரல. பெரிய ஆளு பறந்து வந்து எறங்குறான். கரண்ட் போயிருச்சு.

கரண்ட் திரும்பி வந்தப்ப கத முடியப் போகுது. பொடியன் ஐஸுல இருந்து வெளிய வந்து எதையோ சூடாக் குடிச்சுக்கிட்டு இருக்கான். ஐஸ எப்படி உருக்குனான்? எனக்கு ஒண்ணும் ஓடல. எல்லாரும் எந்திரிச்சுப் போன பொறவும் பாய் வீட்டு வாசப்படியில உக்காந்து யோசிச்சேன். பச்சாவ் வாயால ஊதி உருக்குனான்னு சொல்லலாமா? அண்ணன் கண்டுபுடிச்சிருவான். வெயில்ல தூக்கி வச்சான்னு சொல்லலாமா? சூரியன் வந்த மாதிரியே காட்டலயே. இப்படி நான் ஐஸ உருக்கிக்கிட்டு இருக்கயில உள்ள போன் அடிச்சுது.

பாய் எடுத்தாக. சேதியக் கேட்டாக. வச்சிட்டு, ஓடிக்கிட்டு இருந்த டிவிய அமத்தி, மேல துணியப் போட்டு மூடுனாக. வெளிய வந்து என் தலையில கைய வச்சாக.

"தம்பி, வீட்டுக்குப் போயி அம்மாவ வரச்சொல்லு."

"என்ன பாய்?"

"நீ போ தம்பி."

காலையில அவனுக்கு மூச்சு முட்டியிருக்கு. இனிமே இங்க வச்சிக்கிட முடியாது, ஒடனே மதுரைக்குக் கொண்டு போங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வேன் புடிச்சுக் கெளம்பியிருக்காக. கல்லுப்பட்டி வாரதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அங்க ஒரு கடையில இருந்துதான் பெரியப்பா போன் பண்ணியிருந்தாக. வேன் அப்படியே திரும்பி வந்துச்சு.

அவனக் கெடத்தியிருந்த வீட்டு வாசல்ல நான் நின்னேன். எல்லாரும் அழுதாக. எனக்கு அழுக வரல. மனசுக்குள்ள கதைய மொதல்ல இருந்து ஓட்டிக்கிட்டு இருந்தேன், ஒரு எடம் விட்டுப்போகாம. தூக்கிக்கிட்டுப் போனாக. அப்பவும் ஓட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். மறுநா சாயந்தரம், பஸ் ஸ்டாண்டுல ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தப்பதான் இதச் சொல்லுறதுக்கு ஆளு இல்லன்னு எனக்கு ஒறச்சுச்சு. அங்கனயே உக்காந்து அழுதேன். கண்டக்டர், "காச தொலச்சிட்டியாலே?"ன்னு கேட்டாரு. ஆமான்னேன்.

பொறவு நான் ஞாயித்துக்கெழம பாய் வீட்டுக்குப் போகல. அந்தப் பொடியன் என்ன ஆனான்னு தெரியாது. எனக்குத் தொப்ப போட்டு, முடி கொட்டி, இப்ப ஒரு முதலாளிக்குப் பின்னால சாம்பிள் பொட்டியத் தூக்கிக்கிட்டு அலையறேன். நாலு பேரு கூடுன எடத்துல எல்லாம் நாக்பூர் கதையச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். ஐஸ் கதைய மட்டும் யாருக்கும் சொன்னதில்ல.

அண்ணனுக்கு ஊக்கு குத்தி விட்ட அக்காவச் சுந்தரபாண்டியத்துல கெட்டிக் குடுத்திருக்கு. போன வருஷம் ஒரு வேலையா அந்தப் பக்கம் போனவன் அவ வீட்டுல சாப்புட்டேன். அன்னைக்கி என்னமோ அவகிட்டச் சொல்லணும்போல இருந்துச்சு. துப்பாக்கியில ஆரம்பிச்சு, கரண்ட் போனது, பொடியன் சூடாக் குடிச்சது வரைக்கும் ஒண்ணு விடாம சொன்னேன். "இம்புட்டு வருஷமா இத யார்கிட்டயும் எறக்கி வைக்க முடியல அக்கா. அவன் கடைசியா எனக்குக் குடுத்த வேல இதுதான"ன்னேன்.

அவ என் எலைய எடுத்து மடிச்சா.

"நீ பாய் வீட்டுல டிவி பாத்துக்கிட்டு இருந்தலே. வேன்ல அவன் தல என் மடியில கெடந்துச்சு. என்னய ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்ல, நீயும் கேட்டதில்ல."