இரண்டு அனுமதி அட்டைகளும் ஒரு பேருந்தும்

வெள்ளிக்கிழமை, பகல். கிள்ளானிலிருந்து பயணிகள் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து, அங்கிருந்து ஈப்போ செல்லும் மின்ரயிலில் ஏறினேன். கட்டணம் முப்பத்தாறு மலேசிய வெள்ளி. இருநூறு கிலோமீட்டர் தொலைவு, இரண்டரை மணி நேரப் பயணம். கைப்பையில் இரண்டு சட்டைகள், ஒரு துண்டு, தங்கை மகளுக்கு வாங்கிய அரைப் பவுன் மோதிரம். காலில், முதல் நாளே மெருகு போட்டு வைத்த கறுப்புத் தோல் ஷூ. மனைவிக்கு விடுப்புக் கிடைக்காததால் தனியாகப் போனேன். அது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. முகத்தை யாருக்காகவும் சரிப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

தஞ்சோங் மாலிமில் பேராக் மாநிலம் தொடங்குகிறது. இருபுறமும் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம். இடையிடையே பால் வெட்டுவதை நிறுத்திவிட்ட ரப்பர் மரங்களின் சிறு கூட்டங்கள். பக்கத்து இருக்கையில் சிலிம் ரிவரில் இறங்க வேண்டிய ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும்.

"எங்க போறீங்கண்ணே?"

"சுங்கை சிப்புட். தங்கச்சி மகளுக்கு நாளைக்குப் பட்டமளிப்பு."

"அடடே! நல்ல விஷயம்லா. ஒங்களுக்கு எத்தன பிள்ளைங்க?"

"ஒரே மகன்."

"அவரும் படிச்சு முடிச்சாச்சா?"

"வேலையில இருக்கான்," என்றேன்.

"அது போதும்லா. சம்பாரிக்கிறான்ல," என்று அவர் தாராளமாகச் சொல்லிவிட்டுச் சிலிம் ரிவரில் இறங்கிப் போனார். கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய்யில்லை. என் மகன் சூரியா பல்கலைக்கழகத்தில் மூன்றாம் பருவத்தோடு நின்றுவிட்டான். இப்போது கைத்தொலைபேசி பழுது பார்க்கும் கடையில் இருக்கிறான். அவன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வாரமே, வருங்காலப் பட்டமளிப்புப் படத்துக்காக எங்கள் வீட்டு முன்கூடத்தில் நான் ஓர் ஆணி அடித்து வைத்தேன். நீள அகலம் அளந்து, சரியாக நடுவில். அந்த ஆணியில் இப்போது மளிகைக் கடை நாட்காட்டி தொங்குகிறது.

கம்பாரைக் கடந்ததும் சுண்ணாம்புக் குன்றுகள் வந்துவிடும். செங்குத்தாக, தலையில் மட்டும் செடி முளைத்து, திடீரென்று சமவெளியில் எழுந்து நிற்கும். வெள்ளைக்காரன் கட்டிய ஈப்போ நிலையத்தின் வாசலில் என் தங்கை கணவர் முனியாண்டி காத்திருந்தார். லோரி ஓட்டுபவர். தன் பழைய காரின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான். பசியாறலாமா, நேரா வீட்டுக்கா?"

"வீட்டுக்கே போயிடலாம் மாப்பிள்ள."

சுங்கை சிப்புட் முப்பது கிலோமீட்டர். பழைய தோட்டத்துக்குத் திரும்பும் முச்சந்தியில் அவர் வண்டியை மெதுவாக்கினார். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பதாகை. கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாக என் தங்கை மகள் தர்ஷினி, ஓர் ஆள் உயரத்துக்கு மேல். அவளுக்குக் கீழே பெற்றோர் பெயர்கள் தங்க நிற எழுத்தில். வலது மூலையில் ஒரு சிறு வட்டத்துக்குள் என் முகம், அதன் கீழே 'தாய்மாமன்'. அவளுடைய சடங்கின்போது எடுத்த படம். அப்போது எனக்குத் தலையில் முடி இருந்தது.

"கொஞ்சம் பெரிசோ மச்சான்?" என்று அவர் கேட்டார். "நான் சின்னதாத்தான் கேட்டேன். கடக்காரன்தான், இவ்ளோ தூரம் படிச்ச பிள்ளைக்குச் சின்னதாவான்னுட்டான்."

"நல்லா இருக்கு," என்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் உறுத்தியது.

இந்தக் குடும்பத்தில் படித்தவன் நான். ஐந்தாம் படிவம் வரை பள்ளிப்படிப்பை முடித்து, அரசாங்கக் குமாஸ்தாவாக முப்பது ஆண்டுகள் இருந்தவன். தங்கை லெட்சுமி மூன்றாம் படிவத்தோடு நின்று, தோட்டத்தில் பால் வெட்டியவள். எங்கள் இரண்டு வீடுகளில் எதில் பட்டதாரி வருவான் என்று யாரைக் கேட்டிருந்தாலும் கிள்ளானைத்தான் கை காட்டியிருப்பார்கள். நானும் அப்படித்தான் காட்டியிருப்பேன்.

வீட்டில் கோழிப் பிரட்டலும் ரசமும். லெட்சுமி பரிமாறிக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, அந்த அட்டையில வேற ஒண்ணும் போடலியே?"

பட்டதாரி ஒருவருக்கு இரண்டு அனுமதி அட்டைகள் மட்டுமே. பின்பக்கம் மலாயில் விதிகள். போன வாரமே அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பி, முக்கியமானதைச் சொல்லும்படி கேட்டிருந்தாள். எட்டரைக்குள் இருக்கையில் இருக்க வேண்டும், ஒன்பதுக்குக் கதவு அடைப்பார்கள், சிறு பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்று எழுதி அனுப்பினேன். 'பாரம்பரிய உடை அணியலாம், மூடிய காலணி கட்டாயம்' என்பதும் அதில் இருந்தது. மண்டபத்துக்கு யார்தான் ஷூ இல்லாமல் வருவார்கள் என்று அதை எழுதாமல் விட்டிருந்தேன்.

"ஒண்ணும் இல்ல. நான் அனுப்பினதுதான்," என்றேன்.

சனிக்கிழமை, காலை ஆறரை. வாடகைப் பேருந்து வீட்டு வாசலில் நின்றது. அட்டைகள் இரண்டு, பேருந்தில் முப்பத்தெட்டுப் பேர். தோட்டம் மூடிய பிறகும் அக்கம்பக்கமாகவே வீடு எடுத்துக்கொண்டவர்கள் இவர்கள். யாருக்கு என்ன நடந்தாலும் பேருந்து எடுத்துவிடுவார்கள். பட்டுப்புடவைகள், மல்லிகைச் சரம், பழத்தட்டு, வாழையிலையில் சுற்றிய ரோஜா மாலை. கல்யாணத்துக்குப் புறப்படுவது போலத்தான் இருந்தது. தர்ஷினி முந்தின நாளே ஈப்போவில் தோழியின் அறைக்குப் போய்விட்டாள்.

"உள்ள போக முடியாதுன்னு தெரிஞ்சும் எல்லாரும் வாராங்களா?" என்று பக்கத்து வீட்டு மரகதம் அக்காவிடம் கேட்டேன்.

"கல்யாணத்துல தாலி கட்றத எல்லாருமா தம்பி கிட்டப் பாக்கறோம்? வந்தோம், இருந்தோம், சாப்ட்டோம். அவ்ளோதான்லா."

அப்போதுதான் மாப்பிள்ளை முனியாண்டி வெளியே வந்தார். கரை வைத்த பட்டு வேட்டி, சந்தன நிற ஜிப்பா, நெற்றியில் திருநீறு. பெண்ணைப் பெற்றவர் மணவறைக்குப் போகும் கோலம். காலில் பழுப்பு நிறப் புதுச் செருப்பு. படியிறங்கியபோது அடிப்பாகத்தில் விலைச் சீட்டுகூடத் தெரிந்தது.

நான் பார்த்தேன். விதியும் நினைவில் இருந்தது. ஈப்போவுக்குப் போகும் வழியில் கடை திறந்திருக்காது. ஆனால் அந்தத் தெருவிலேயே நாலு வீட்டில் கேட்டால் ஒரு ஜோடி ஷூ கிடைத்திருக்கும். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் யாரோ கையில் கோப்பியைக் கொடுத்தார்கள். குடித்தேன். குடித்து முடித்த பிறகும் நேரம் இருந்தது. பேருந்து புறப்பட்டது.

மண்டபம் ஈப்போ நகரின் விளிம்பில், ஒரு குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. வெளியே வரிசையாகக் கூடாரங்கள். ரோஜாக் கொத்து முப்பத்தைந்து வெள்ளி, சதுரத் தொப்பி போட்ட கரடி பொம்மை இருபத்தைந்து. மலாய்க் குடும்பங்கள், சீனக் குடும்பங்கள், நம்மவர்கள் என எல்லாரும் ஒரே பூவுக்கு ஒரே விலையைப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய கூடாரத்தில் திரை வைத்து, அட்டை இல்லாதவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

லெட்சுமி முதலில் உள்ளே போய்விட்டாள். பின்னால் போன மாப்பிள்ளையைக் காவலர் நிறுத்திக் காலைக் காட்டினார். அந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார்; ஆனால் விடவில்லை. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மச்சான், நீங்க போங்க. ஒங்ககிட்டதான் ஷூ இருக்கு. என்ன, எனக்கு அங்க பேசறது புரியவா போவுது? நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க, போதும்."

அட்டையை என் கையில் வைத்தார். வேண்டாம் என்று நான் சொன்னேனா? சொன்னேன், ஒரு தடவை. பிறகு உள்ளே போனேன்.

மண்டபத்தைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். மிகக் குளிர். நீல மெத்தை வைத்த இருக்கைகள், மேடையில் மஞ்சள் திரை, பித்தளைச் செங்கோல் வைக்க ஒரு பீடம். கீழே பட்டதாரிகளுக்கான பகுதி இன்னும் காலியாக இருந்தது. இதுபோன்ற ஓர் இருக்கையில் உட்காருவதைப் பல முறை மனத்துக்குள் நடத்திப் பார்த்திருக்கிறேன். இப்போது உட்கார்ந்தேன். இன்னொருவர் இடம் என்றாலும் மெத்தை மெத்தையாகத்தான் இருந்தது.

லெட்சுமி திரும்பினாள். "என்னண்ணே நீங்க வாரீங்க? அவரு எங்க?"

"செருப்பு போட்டு வந்துட்டாரு. விடல. என்னப் போகச் சொல்லிட்டாரு."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள்.

"அண்ணே, எங்க கல்யாணத்துக்கு அவரு லோரியில பட்டர்வொர்த் போயிட்டாருன்னு, மாப்பிள்ள ஷூவ ஒங்க காலுக்குப் போட்டுப் பாத்துத்தானே வாங்கனீங்க?"

பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளைக்குக் காலணி எடுத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், ஒரு சீனன் கடையில் ஒற்றைக் கால் தூக்கி நின்று போட்டுப் பார்த்தவன் நான்தான். அளவு எட்டு. எனக்கும் எட்டு.

அவள் மடியில் இருந்த நிகழ்ச்சிநிரலை எடுத்து மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் எழுந்தேன்.

வெளியே வந்தபோது அவர் வாசலிலேயே, கூடாரத்துக்குப் போகாமல் நின்றிருந்தார். நாங்கள் இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். என் ஷூக் கயிற்றின் முடிச்சு அவிழ மறுத்தது. அவரே குனிந்து அவிழ்த்தார். "செப்பாட், அங்கிள், செப்பாட்" என்று காவலர் மலாயில் அவசரப்படுத்தினார். உள்ளே ஊர்வல இசை தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை பட்டு வேட்டிக்குக் கீழே கறுப்பு ஷூவோடு ஓடினார். கதவு அவருக்குப் பின்னால் மூடியது.

நான் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கூடாரத்துக்குப் போனேன். மரகதம் அக்கா ஈப்போவின் புந்தோங் பகுதியில் வாங்கிய கச்சாங் பூத்தே பொட்டலத்தை நீட்டினார். வறுத்த கடலையும் முறுக்கும் கலந்தது.

"என்ன தம்பி, தாய்மாமன வெளியத் தள்ளிட்டாங்களா?"

"ஷூவ மட்டும் உள்ள அனுப்பியிருக்கேன்க்கா."

"அப்ப பாதித் தாய்மாமன் உள்ளதான் இருக்காரு!" என்று அவர் சொல்ல, வரிசையே சிரித்தது. நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

பதினோரு மணியளவில் தர்ஷினியின் பெயர் வந்தது. அவள் மேடையில் நடந்தது சில நொடிகள்தான். குனிந்தாள், சுருளை வாங்கினாள், நிமிர்ந்து நடந்தாள். அடுத்துத் திரை பார்வையாளர் பக்கம் திரும்பியது. அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, ஜிப்பா போட்ட ஓர் ஆள் மட்டும் எழுந்து நின்று, கோயிலில் தீபாராதனைக்குக் கும்பிடுவது போலத் தலைக்கு மேல் கைகூப்பிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்த யாரோ அவர் தோளைத் தட்டி உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை.

கூடாரம் அதிர்ந்தது. மற்ற முப்பத்தைந்து பேரும் எழுந்துவிட்டார்கள். நான் எழவில்லை. திரையில் அவருடைய இடுப்புவரைதான் தெரிந்தது. ஷூ தெரியுமா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழா முடிந்ததும் வெளியில் படமெடுக்கும் சடங்கு. இங்கே அங்கியை மகள் மட்டும் போட்டுக்கொள்வதில்லை. அம்மாவுக்கு அங்கி, அப்பாவுக்குத் தொப்பி என்று வீடு முழுக்க ஒரு சுற்று வரும். லெட்சுமி அங்கிக்குள் காணாமல் போனாள். பேருந்தில் வந்த பாதிப் பேர் தொப்பி போட்டுப் பார்த்தார்கள். அடுத்துத் தாய்மாமன் முறை. மாலை போட்டு, மோதிரம் அணிவித்தேன். தர்ஷினி அங்கியோடு குனிந்து என் காலைத் தொட்டாள். தொட்டவள் நிமிராமல் அப்படியே நின்றாள்.

"மாமா, இது அப்பா செருப்புலா?"

"ஆமாம்மா."

"அப்ப ரெண்டு பேருக்கும் சேத்து விழுந்துட்டேன்," என்று சிரித்துக்கொண்டே எழுந்தாள். தொப்பியை என் தலையில் வைக்க வந்தாள். தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மாலை. சுங்கை சிப்புட்டில் விருந்து முடிந்து, ஆறு மணி ரயிலுக்காக மாப்பிள்ளை என்னை ஈப்போவுக்குக் கொண்டுவந்து விட்டார். காலையிலிருந்து அவர் என் ஷூவைக் கழற்றவே இல்லை. பந்தியில் பரிமாறியதும் அதைப் போட்டுக்கொண்டுதான். நிலையத்து மரப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டோம். அவர் கைக்குட்டையால் ஷூவின் முனையைத் துடைத்து என் முன்னால் நேராக வைத்தார்.

"வெச்சுக்குங்க மாப்பிள்ள," என்றேன்.

"வேணாம் மச்சான். ஒங்களுக்குத் தேவப்படும். நம்ம சூரியா மறுபடி படிக்கப் போவான், பாருங்க. அப்ப நீங்க இதப் போட்டுக்கிட்டு உள்ள போவணும். நான் வெளிய கூடாரத்துல ஒக்காந்து பாப்பேன். எனக்கு இனிமே பரவால்லலா, நான் பாத்துட்டேன்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. அவர் முகத்தில் தேடிப் பார்த்தேன், இல்லவே இல்லை. அந்த வார்த்தையைச் சொல்லும் இடத்தில் அவர் இருந்தார், கேட்கும் இடத்தில் நான் இருந்தேன். காலையில் அவர் செருப்பைப் பார்த்தும் பேசாமல் கோப்பி குடித்ததை அப்போது சொல்லியிருக்கலாம். ரயில் வந்துவிட்டது.

கிள்ளானில் குன்றுகள் கிடையாது. துறைமுகக் கொள்கலன்களும் லோரிகளும்தான். ஒரு பெண் பட்டம் வாங்கினால் எங்கள் தெருவில் கேக் வெட்டிப் படம் போடுவார்கள். பேருந்து எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் நிரப்ப ஆள் இருக்காது. இதையெல்லாம் ஒப்பிட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

ஷூவுக்குள் அவர் கால் சூடு இன்னும் இருந்தது. கழற்றிவிடலாம் என்று நினைத்தேன்; எதிரில் ஆட்கள் இருந்தார்கள். கம்பார் தாண்டும்வரை அது ஆறவில்லை.