சுரங்க வாசலில் எடுத்த படம்

நான் பிறந்தது கோலார் பக்கத்துத் தங்கச் சுரங்க ஊரில். அப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். லண்டனில் யாரிடம் இதைச் சொன்னாலும், "அப்போ வீடு நிறையத் தங்கம் இருந்திருக்குமே!" என்பார்கள். இருந்தது, அம்மா கழுத்தில் ஒரு குந்துமணி.

போன மாதம் எங்கள் லண்டன் நோர்பரித் தெருமுனை ஹாலில் பழைய படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான் சேதி சொன்னாள். "அக்கா, உங்கட ஊர்ச் சுரங்கப் படமும் கிடக்கு. ஒருக்கா வந்து பாருங்கோ." அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

படத்தில் அரைத்துணியோடு ஒருத்தர். கை ரெண்டும் மேலே, வாய் ஆவென்று திறந்திருக்க, ஒரு கம்பைத் தாண்டிக் குதிக்கிறார். பின்னால் வரிசையாகப் பத்துப் பேர். கீழே பழைய மையில் ஒரு சீட்டு: 'வேலை முடிந்த மகிழ்ச்சியில் தொழிலாளர் நடனம்.'

எனக்கு வந்ததே கோபம்! மறுநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேறு வந்து இதைப் படிக்கப் போகிறார்களாம். படத்தைக் கொடுத்த வெள்ளைக்காரப் பெரியவர் பக்கத்திலேயே நின்றார். அவர் தாத்தா அந்தச் சுரங்க வாசலில் அதிகாரியாம். சீட்டும் தாத்தா எழுதியதாம்.

"இது நடனம் இல்லைங்க, சோதனை," என்றேன். "தங்கத்தை வாயில, கக்கத்துல, கால் இடுக்குல ஒளிச்சு வச்சிருந்தா கீழ விழுதான்னு பார்க்கிறது."

"என் தாத்தா பொய் எழுத மாட்டார்." அவர் முகம் சிவந்துவிட்டது.

என் அப்பாவும் தினம் இப்படிக் குதித்தவர்தான். வீட்டில் மூச்சு விட்டதில்லை. சுரங்க வாசலில் எட்டிப் பார்த்ததைத் தெருப் பிள்ளைகளோடு நான் விளையாட்டாகக் குதித்த அன்று, ஓங்கி ஒரு அறை விட்டார். அவர் என்னை அடித்தது வாழ்நாளில் அந்த ஒரு தரம்தான்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. சரிதான் போ என்று மூலையில் கிடந்த துடைப்பக் கட்டையை ரெண்டு நாற்காலிக்கு நடுவே வைத்தேன். சேலையை இழுத்துச் செருகி, கையைத் தூக்கி, வாயைத் திறந்து குதித்தேன். அறுபத்திரண்டு வயசு, முட்டி போய்விட்டது என்றே நினைத்தேன். யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

பெரியவர் பேனாவை எடுத்தார். தாத்தாவின் வரியை அடித்துவிட்டு, 'சோதனை' என்று எழுதினார்.

விடுவேனா? "சோதிச்சது யாருன்னும் எழுதுங்க."

பெரியவர் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு தாத்தாவின் பெயரை முழுசாக எழுதி, பக்கத்தில் 'என் தாத்தா' என்று சேர்த்தார்.