வெள்ளிக்கிழமை மீன்

மாதா கோயில் திருநாளுக்கு மீன் சுடும் போட்டி வைக்கிறோம், நடுவராக வாருங்கள் என்று பங்குச் சுவாமியார் கேட்டபோது கிழமையைக் கேட்காமல் தலையாட்டிவிட்டேன். நடுவர் என்றதும் உச்சி குளிர்ந்துவிட்டது. உருத்திரபுரத்து வயல்காரியான நான் முல்லைத்தீவுக் கரையில் படிப்பிக்க வந்தவள். அங்கே எனக்குச் சொந்தம் யாருமில்லை, பக்கம் சாயமாட்டேன் என்பதுதான் என் ஒரே தகுதி.

போட்டி வெள்ளிக்கிழமை. வெள்ளியில் அவர்களுக்கு இறைச்சி ஆகாது, அதனால் மீன். எனக்கோ வெள்ளியில் மீனும் ஆகாது. நாள் தெரிந்தபோது விலக வெட்கம். மணத்தை வைத்தே சமாளிக்கலாம் என்று நெற்றியில் திருநீற்றோடு போனேன். அங்கே சுவாமியார், நடுவர் சாப்பிட்டுப் பார்க்காத மீனுக்குப் பரிசில்லை என்று அறிவித்துக்கொண்டிருந்தார்.

வாடைக்காற்று மழையை அள்ளி எறிந்தது. ஆனாலும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. பரிசு ஒரு கட்டுப் புது நைலோன் வலை. அந்த நாட்களில் போர்த் தடையால் வவுனியாவைத் தாண்டி வலை வருவது குதிரைக்கொம்பு. தகரத்தால் மறைத்துப் பிடித்தும் நான்கு அடுப்புகளில் நெருப்பு நிற்கவில்லை. மீன் மேலே கரி, உள்ளே பச்சை. சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லி அதை யாரும் என்னிடம் நீட்டவில்லை.

ஐந்தாவது போட்டியாளர் ஒரு பெண். அதற்கு முந்தின வாரம்தான் அவருடைய வலையைக் கடல் கொண்டுபோயிருந்தது. புருஷனும் அவரும் கூலிக்கு அடுத்தவர் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கவிழ்த்த தோணியின் மறைவில் அவர் மணலில் குழி தோண்டித் தேங்காய்ச் சிரட்டை எரித்தார். தணல் ஆனதும் வாழையிலையில் சுற்றிய விளைமீனை வைத்து, இரும்புத் தாச்சிச் சட்டியால் மூடி, மேலே ஈரமணலைக் குவித்தார். அவ்வளவுதான். மழை அதன்மேல் கொட்டியது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் மணலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நனைந்தபடி இருந்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்றேன்.

"பொறுங்கோ ரீச்சர், மேல் மணல் இன்னும் சுடேல்லை."

கண்ணால் காணாத நெருப்பைக் கையால் அளந்தார். நான் வாய் பிளந்து நின்றேன். திறந்தபோது வெள்ளைச் சதை முள்ளைவிட்டுத் தானாக விலகியது. தட்டை நீட்டியவர் என் நெற்றியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"இண்டைக்கு வெள்ளியெல்லோ? நீங்கள் மீன் மச்சம் தொடமாட்டியள்."

"நான் சாப்பிடாட்டி வலை இல்லை, தெரியுமோ?"

"ஓம், தெரியும். அதுக்காக உங்கட விரதத்தை முறிக்க ஏலுமே? மணத்தைப் பாருங்கோ, அதுவே காணும்."

நான் போட்டிருந்த அதே கள்ளத் திட்டம், அவர் வாயில் எவ்வளவு சுத்தமாக இருந்தது! எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கொட்டும் மழையில் நெருப்பைக் காப்பாற்றிய கை வலையை எனக்காக விட்டுக்கொடுத்தது. இப்படி ஒரு மனிசியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

தட்டைப் பறித்தேன். திருநீறு மழையில் கண்ணுக்குள் வழிய, நின்ற நிலையிலேயே முழு மீனையும் தின்று, முள்ளைச் சுவாமியாரிடம் நீட்டினேன்.

பின்னேரம் கிணற்றடியில் தோய்ந்துவிட்டு அம்மன் கோயிலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கும்பிட்டபோது அது வாயில் வரவில்லை. மீன் எவ்வளவு ருசி என்பதைத்தான் அம்மாளிடம் சொன்னேன்.